கரையில் நடக்க வழி வையுங்கள்: குமரிக் கடற்கரைக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும் தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மதுரைக்காரி. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் மாவட்டத்துக்கு வருவது எங்கள் வீட்டு வழக்கம். மதுரை, விருதுநகர், திண்டுக்கல், திருச்சி, கோவை என்று உள்நாட்டு ஊர்களிலிருந்து மே மாதத்தில் வேன் பிடித்து வருகிற குடும்பங்களில் நாங்களும் ஒன்று. கடல்மேல் எங்களுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் கடலைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கண்மாயிலும் கிணற்றிலும் ஆழம் பார்த்து இறங்கத் தெரியும். அலை எப்போது சும்மா வருகிறது, எப்போது ஆளை இழுக்க வருகிறது என்று பார்த்துச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இந்த மடலை எழுத வைத்தது அந்த அறியாமைதான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கடலோடு இரண்டே வேலைதான் இருக்கிறது: படகேறிப் பாறைக்குப் போவது, அல்லது தண்ணீரில் இறங்குவது. மூன்றாவதாக ஒன்றைத் தாருங்கள். கரையோரம் நடக்கவும், துறைமுகத்தை அருகில் நின்று பார்க்கவும், இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வழி செய்யுங்கள். எங்கள் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கன்னியாகுமரி ஊருக்கு நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1970இல் விவேகானந்தர் மண்டபம். 2000 ஜனவரி முதல் தேதி 133 அடியில் வள்ளுவர் சிலை. 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம். எல்லாம் அழகு, எல்லாம் பார்க்க வேண்டியவை. ஆனால் மூன்றும் அந்த ஒரே முனையில் இருக்கின்றன. விடிகாலை வந்து இறங்குகிறவர்கள் சூரிய உதயம் பார்த்து, படகு வரிசையில் நின்று, சிப்பி மாலை வாங்கி, மதியச் சாப்பாட்டோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். சுமார் 70 கிலோமீட்டர் கரை, நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள், நான்கு மீன்பிடித் துறைமுகங்கள், ஆறு கடலில் சேரும் பொழிமுகங்கள், உப்பளங்கள், செம்மண் மேடுகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்காமலே போகிறார்கள்.

இரண்டு மூன்று நாள் தங்குகிற எங்களைப் போன்றவர்கள் என்ன செய்கிறோம்? போனை எடுத்துக் கூட்டமில்லாத பீச் எது என்று தேடுகிறோம். சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று வரிசையாக வருகிறது. போய் இறங்கினால் மணல், அலை, தென்னை, ஓரமாக ஒரு தட்டுக்கடை. நிழலில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தப் பக்கம் நடந்தால் என்ன வரும், அந்தப் பக்கம் போனால் எந்த ஊர் என்று சொல்ல ஒரு பலகைகூடக் கண்ணில் படாது. தலைக்கு மேல் மே மாத வெயில். பிள்ளைகள் என்ன செய்யும்? தண்ணீரில்தான் இறங்கும். கால் நனைக்கிறேன் என்று ஆரம்பிக்கும், முழங்கால் வரை போகும், அப்புறம் இடுப்பு வரை. பெரியவர்களும் அப்படித்தான். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாத இடத்தில் கடல் ஒன்றுதான் விளையாட்டு.

2024 மே 6ஆம் தேதி லெமூர் கடற்கரையில் திருச்சியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் அலையில் போனார்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடல் பார்க்கப் போன பிள்ளைகள். அதையொட்டிய நாட்களில் இதே மாவட்டக் கரையில் வேறு சிலரையும் கடல் கொண்டுபோனது. வெளியூரிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. அந்த நாட்களில் புயல் இல்லை, மழை இல்லை, பெருங்காற்றும் இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்று சொல்கிறோமே, அது கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் கடல் கொந்தளிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது.

அந்தக் கொந்தளிப்பை மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, நாம் பார்க்கவே போகாத பெருங்கடலில் ஒரு பெரிய காற்றுச் சுழற்சி உருவாகிறது. அது கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் நடுவில் எந்த நிலமும் தடுக்காமல் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. ஆழம் குறைந்த கரையோரம் வந்ததும்தான் அலை உயர்ந்து எழும்புகிறது. சில நேரம் தண்ணீர் முதலில் உள்வாங்கி, பிறகு எதிர்பாராத தூரத்துக்கு ஏறி வரும். இங்கே காற்று அடிக்காததால் வானத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. மே மாதம் இதற்கு ஏற்ற காலம். எங்கள் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற காலமும் அதுதான்.

இன்காய்ஸ் சொன்ன செய்தி மீனவ ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மீன்வளத் துறை சொல்கிறது, ஊருக்கு ஊர் ஆலய ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வள்ளங்களை மேட்டில் ஏற்றிவிட்டு அவர்கள் கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடலோடு பிறந்து வளர்ந்தவர்களே இறங்காத அந்த நாளில், கடலே தெரியாத நாங்கள் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். நாங்கள் தங்கியிருக்கும் விடுதி வரவேற்பறையில் யாரும் சொல்வதில்லை. வேன் ஓட்டுநருக்குத் தெரியாது. கரைக்குப் போகிற சாலையில் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. ஐதராபாத்திலிருந்து கடற்கரை ஊரின் ஒலிபெருக்கி வரைக்கும் வந்த செய்தி, கடைசி இருநூறு மீட்டரைத் தாண்டி என் பிள்ளையிடம் வருவதில்லை.

பலகை வைத்திருக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ‘இங்கு குளிக்கத் தடை’ என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வருஷம் 365 நாளும் அது ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறது. கடல் குளம்போலக் கிடக்கும் ஜனவரிக் காலையிலும் தடை, ஆளைக் கொல்லும் மே மாதத்திலும் தடை. அமைதியான நாளில் பலகைக்குக் கீழேயே நூறு பேர் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிற குடும்பம், ஆபத்தான நாளிலும் அதே பலகையை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். கடல் தினம் மாறுகிறது. பலகையும் தினம் மாற வேண்டும்.

உலகம் முழுக்க இதற்கு எளிமையான வழக்கம் இருக்கிறது. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அங்கே இறங்கலாம் என்று அர்த்தம். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும், தமிழ் தெரியாத வடநாட்டுப் பயணிக்கும் புரியும். பக்கத்தில் கோவளத்திலும் வர்க்கலையிலும் கேரளச் சுற்றுலாத் துறையின் உயிர்காப்பாளர்கள் விசில் ஊதிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குமரி மாவட்டத்தில் வெளியூர்க்காரர்கள் அதிகம் போகும் கரைகளிலாவது, ஏப்ரல் மே மாதங்களில், டிசம்பர் கடைசியில், தொடர் விடுமுறைகளில் அப்படி ஆட்கள் நிற்க வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வியே இந்த மாவட்டத்தில் எழக் கூடாது. இங்கே நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். யாராவது மூழ்கினால் இன்றைக்கும் முதலில் பாய்வது அவர்கள்தான், சம்பளம் இல்லாமல், காப்பீடு இல்லாமல், மிதவை வளையம்கூட இல்லாமல். அந்த இளைஞர்களுக்குப் பயிற்சியும் சீருடையும் மாதச் சம்பளமும் கொடுங்கள். ஒவ்வொரு கரையிலும் கொடி ஏற்றுவது, இன்காய்ஸ் செய்தியைக் கரும்பலகையில் எழுதுவது, 1093 என்ற கடலோரப் பாதுகாப்புக் குழும எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பது எல்லாம் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் அந்தப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? அது ஏதாவது ஒரு குறுகிய இடத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே போகும். அந்த இடத்தில் அலை உடையாது. பக்கத்தில் எல்லாம் நுரை பொங்கும்போது அங்கே மட்டும் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். கடல் தெரியாதவர்கள் பிள்ளைகளை இறக்கத் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான், அலை இல்லையே என்று. கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிற தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த இழுப்பு இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கை கால் ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். இந்த நாலு வரியை ஒரு படத்தோடு வரைந்து வைத்தால் எத்தனை வீடுகளுக்கு உதவும்!

சரி, இதெல்லாம் காப்பாற்றுகிற வேலை. நான் அதைவிட ஆசையோடு கேட்பது நடைவழியை.

முட்டத்தைப் பாருங்கள். சினிமாவில் பார்த்த ஊர் என்று நிறைய பேர் வருகிறார்கள். பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு மாலை முழுக்க அங்கே நடக்க இடம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் நிலம் இரும்புத் துரு நிறத்தில் இருக்கிறது. மழைநீர் அறுத்து அறுத்து அந்தச் செம்மண்ணில் ஆள் உயரத்துக்கும் மேலே ஓடைகளைத் தோண்டியிருக்கிறது. கையால் தொட்டால் மாவாக உதிரும். அதற்குக் கீழே கறுத்த பாறைகள், அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர். பாறை இடுக்கில் தங்கிய தண்ணீரில் நகம் அளவு நண்டுகள் பக்கவாட்டில் ஓடும். பாறை முனையில் உள்ளூர்க்காரர் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். அலை எந்தப் பாறை வரை ஏறும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு ஒரு பாறை தள்ளித்தான் உட்காருவார். எங்கள் பிள்ளைகள் போய் நிற்பது அவருக்கும் முன்னால். பாறையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, இதற்கு மேல் போகாதே என்று வைத்தால் போதும். அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொரு விஷயம், மே மாதத்தில் வருகிறவர்களுக்கு. சூரியன் அப்போது வடக்கே தள்ளி மேற்கில் விழுகிறது. கன்னியாகுமரி ஊரில் நின்று பார்த்தால் அது கரைப் பக்கமாகச் சாய்ந்து மறைந்துவிடும். அஸ்தமனம் பார்க்கக் கூடிய கூட்டம் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். முட்டத்தில் கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால் அதே மாதத்தில் அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவது தெரியும். இதை ஒரு பலகையில் எழுதி கன்னியாகுமரிப் பேருந்து நிலையத்தில் வைத்தால், மாலைக் கூட்டத்தில் பாதி தானாக முட்டத்துக்குப் போகும். அங்கே போகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடு வேண்டும், அறை வேண்டும். அந்த வருமானம் அந்த ஊருக்குப் போகட்டும்.

நடைவழியைக் கிழக்கே வட்டக்கோட்டையிலிருந்து தொடங்கினால், கோட்டைச் சுவர்மேல் நின்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் பார்க்கலாம். அங்கிருந்து தெற்கே சின்னமுட்டம் துறைமுகம். பிறகு கன்னியாகுமரி, அதை அடுத்து இதே மாவட்டத்துக் கோவளம். அடுத்தது மணக்குடி. பழையாறு கடலில் சேருகிற இடம். காயலில் அலையாத்திச் செடிகள், பக்கத்தில் உப்பளங்கள், பருவத்தில் வெளிநாட்டுப் பறவைகள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைக்கப் பிறகு புதுப் பாலம் கட்டினார்கள். அந்தப் பாலத்தின்மேல் நடந்து போகிற பிள்ளைக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒரு பலகையாவது இருந்தால் கடல் என்றால் என்ன என்று அது புரிந்துகொள்ளும்.

முட்டம் தாண்டினால் கடியபட்டணம், மணவாளக்குறிச்சி. மணலில் கறுப்பும் சிவப்பும் கோடு கோடாக ஓடுவதைப் பிள்ளைகள் அள்ளி அள்ளிப் பார்ப்பார்கள். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் என்ற கனிமம் இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மணலால் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற கவலைகள் வேறு, அதைப் பேச அவர்களுக்குத்தான் உரிமை. அடுத்து மண்டைக்காடு. அதற்கு அடுத்து கொளச்சல். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கரை. வெற்றித் தூண் நிற்கிறது. அங்கே பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார், நாம் நடக்கத் தொடங்கிய வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியவரும் அவர்தான். எழுபது கிலோமீட்டருக்குள் இவ்வளவு கதை கிடக்கும்போது நாங்கள் ஏன் மணலில் உட்கார்ந்து போனைப் பார்க்க வேண்டும்?

துறைமுகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். மாநிலத்தில் வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வருகிறது. முட்டம், கொளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில் வருகின்றன. அதாவது மே மாதத்தில் வருகிறவர்கள் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதையும், அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதையும், வலை பின்னுவதையும் பார்க்கலாம். அதே நாளில் ஒரு மணி நேரப் பயணத்தில் கொளச்சலில் மீன் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ஜூன் கடைசியில் வந்தால் அப்படியே தலைகீழ். தொழில் செய்யும் கடலையும் ஓய்வெடுக்கும் கடலையும் ஒரே நாளில் காட்டக்கூடிய மாவட்டம் இது. இதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

மே மாதக் காலை ஒன்றில் தெரிந்தவர் ஒருவர் துணையோடு கொளச்சல் துறைமுகத்துக்குள் போனோம். நாள்கணக்கில் கடலில் கிடந்து வந்த விசைப்படகிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். உடைத்த ஐஸ் தரையெல்லாம் சிதறி, மீன் ரத்தத்தோடு கலந்து இளஞ்சிவப்பாக ஓடியது. ஏலக்காரர் மூச்சு விடாமல் விலை சொல்லிக்கொண்டே நடந்தார். வாங்குகிறவர்கள் தலையைக்கூட ஆட்டவில்லை, கண்ணால்தான் பேரம். எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். ஓரத்தில் அலுமினியச் சருவத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் மகளைக் கூப்பிட்டு, “தொட்டுப் பாரு மக்களே, கடிக்காது” என்று ஒரு கணவாயைக் கையில் வைத்தார். அயிலை எது, சாளை எது, நெய்மீன் எது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கண் எப்படி இருந்தால் மீன் நல்ல மீன், செவுளை எப்படித் திறந்து பார்ப்பது என்று எனக்கும் சொன்னார். “மதுரைக்குப் போய்ச் சேரும்போது அதுக்கு நாலு நாள் வயசாயிருக்கும், பார்த்து வாங்குங்க” என்றார். அதற்குப் பிறகு என் மகள் மீன்கடையில் செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்க விடுவதில்லை.

அன்றைக்குத் தெரிந்தவர் இல்லாவிட்டால் நாங்கள் உள்ளே போயிருக்க மாட்டோம். போனாலும் லாரிக்கும் கயிற்றுக்கும் நடுவில் இடைஞ்சலாக நின்றிருப்போம். துறைமுகம் வேலை செய்கிற இடம், வேடிக்கை பார்க்கிறவர்கள் அவர்கள் காலில் மிதிபடக் கூடாது. ஆகவே ஓரமாக, கொஞ்சம் உயரத்தில், நிழலோடு ஒரு மேடை. ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்று அளவு. சின்னமுட்டத்து விசைப்படகுகள் விடியும்முன் போய் இரவில் திரும்புபவை, ஆகவே அங்கே இரவு நேரம். கொளச்சலில் காலை நேரம். ஊர்ப் பெண்கள் வழிகாட்டியாக வந்து மீனைக் காட்டி, கதை சொல்லி, கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். வெளியே வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளமும் விற்கட்டும். நாங்கள் வயிறாரச் சாப்பிட்டு, நிறைவாகக் காசு கொடுத்துவிட்டுப் போவோம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரை காலி இடம் அல்ல. வலை உலர்கிற மணல், கருவாடு காய்கிற திண்ணை, பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம், இறந்தவர்களை நினைத்து மெழுகுவத்தி ஏற்றுகிற இடம். 2004 சுனாமியிலும் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலிலும் ஆட்களை இழந்த வீடுகள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் போனால் இன்னும் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வந்து பாட்டில் உடைப்பதும், வலைமேல் நடப்பதும், கேட்காமல் பெண்களைப் படம் எடுப்பதும் எங்களைப் போல வெளியிலிருந்து வருகிற சிலர் செய்கிற வேலை. அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் சுற்றுலா என்றாலே முகம் சுளித்தால் அவர்கள்மேல் தவறே இல்லை. ஆகவே எந்த ஊர் வழியாக நடைவழி போக வேண்டும், எங்கே கரையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும், எந்த நேரத்தில் யாரும் வரக் கூடாது என்பதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்கிற ஊரை விட்டுவிடுங்கள். மேற்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறி அடுத்த ஊரில் இறங்கி நடந்துகொள்கிறோம்.

கான்கிரீட்டும் வேண்டாம். நடைவழி என்றதும் டைல்ஸ் பதித்து, இரும்புக் கைப்பிடி போட்டு, எல்இடி விளக்கு வைப்பதுதான் டெண்டரில் வரும். இரண்டு மழைக்காலத்தில் உப்புக்காற்று அந்த இரும்பைத் தின்றுவிடும், கடல் அந்த டைல்ஸை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே கல்லைக் கொட்டிக் கொட்டிப் பல ஊர்களில் மணலே இல்லாமல் போயிருக்கிறது. மண்ணில் போட்ட தடம் போதும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு கல் தூண், அதில் அம்புக்குறி, அடுத்த ஊரின் பெயர், எத்தனை கிலோமீட்டர், அங்கே குடிதண்ணீர் இருக்கிறதா என்பது. வேல்ஸ் நாட்டில் 2012இல் கரை முழுவதற்குமாகச் சுமார் 1,400 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். பெரும்பகுதி ஏற்கெனவே ஆட்கள் நடந்த தடம்தான். அதை இணைத்து, அடையாளம் வைத்து, பராமரிக்கிறார்கள். நம்மிடம் இருப்பது 70 கிலோமீட்டர்.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சுத்தமாக, தண்ணீரோடு, இருட்டிய பிறகும் திறந்திருக்க வேண்டும். பெண்களும் வயதானவர்களும் ஒரு கரையில் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. என் அம்மா பல நாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வண்டியில் வந்திருக்கிறார். உடை மாற்ற அறையும் அப்படியே.

ஒரேயடியாக எல்லாம் முடியாது என்று எனக்குத் தெரியும். பட்ஜெட் வேண்டும், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டும், மீன்வளத் துறையையும் வனத் துறையையும் கலந்து பேச வேண்டும். கொடியும் உயிர்காப்பாளரும் அதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. கொடிக்குத் துணியும் கம்பும் போதும். எச்சரிக்கை வந்த நாளில் மாவட்டத்து விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அறைச் சாவி கொடுக்கும்போதே சொல்லுங்கள் என்று உத்தரவிட்டால் அதற்குச் செலவே இல்லை. சோதனைச் சாவடியில் சுற்றுலா வேன்களை நிறுத்துகிறீர்கள், அங்கேயே ஓட்டுநரிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுக்கலாம்.

நடைவழிக்கு முதலில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மணக்குடிப் பாலத்திலிருந்து சொத்தவிளை வரை. தட்டையான நிலம், வயதானவர்களும் நடக்கலாம், காயலும் உப்பளமும் கடலும் ஒரே காலையில் கிடைக்கும், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். இரண்டாவதாக முட்டத்து மேடு. துறைமுகங்களில் கொளச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தடைக்காலம் ஜூன் 1இல் தொடங்கிவிடும், பள்ளிக்கூடங்களுக்கு ஏப்ரல் கடைசியில்தான் லீவு விடுகிறார்கள். ஆகவே எங்களுக்குக் கிடைப்பது நடுவில் இருக்கிற மே மாதம் ஒன்றுதான். அடுத்த மே மாதத்துக்குள் அந்த மேடையும், வெளியூர்க் கூட்டம் சேருகிற கரைகளில் கொடியும் ஆளும் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்தக் கரையில் எந்தத் தேதியிலிருந்து ஆள் நிற்பார் என்பதை மாவட்ட இணையதளத்தில் தமிழில் வெளியிடுங்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் அறை போடுவோம்.

நன்றியுடன்,
மே மாதம்தோறும் வருகிற மதுரைக் குடும்பத்துக்காரி